பையனின் தட்டைத் தனியாக எடுத்து வைக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மகனுக்கு 8 வயது. கழுத்தில் நெறி கட்டி மாதக்கணக்கில் கரையாமல் இருந்தது. முதலில் டிபி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்கள். பிறகு கட்டியை எடுத்துப் பரிசோதித்ததில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர் முடிச்சுப் புற்றுநோய் என்று வந்தது. சென்னையில் கீமோ தொடங்கியிருக்கிறோம். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'இபிவி பாசிட்டிவ்' என்று இருந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் தேடிவிட்டு அது ஹெர்பிஸ் வகை வைரஸ் என்றான். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. 'அது தப்பான வழியில் வருவதாச்சே' என்று ஒருவர் சொன்னார். என் மாமியாருக்குப் போன வருஷம் முதுகில் அக்கி வந்து காவி எழுதிக்கொண்டார். தன்னால்தான் பேரனுக்கு இது வந்தது என்று அழுகிறார். இப்போது பையனுக்குத் தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனி. 4 வயது மகளை அவன் பக்கத்தில் விடுவதில்லை. அவளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா? வைரஸ்தான் காரணம் என்றால் வைரஸுக்கு ஏன் மருந்து கொடுக்கவில்லை?
– ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காரணங்களை அப்புறம் சொல்கிறேன். முதலில், இன்று ராத்திரியே இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள். அண்ணனிடமிருந்து தங்கைக்குப் புற்றுநோய் தொற்றாது. அந்த வைரஸோ அவளுக்கு ஏற்கெனவே வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் அது இருக்கும். இதை எழுதும் எனக்கும் இருக்கும். உலகத்தில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். அறுவை அறையிலிருந்து கட்டி வந்து சேரும் இடம் என் மேசை. நோயாளியின் முகத்தைவிட ஸ்லைடைத்தான் அதிகம் பார்க்கிறேன். 'இபிவி பாசிட்டிவ்' என்ற அந்தக் கடைசி வரியை எழுதுகிறவர்கள் எங்கள் துறைக்காரர்கள்தான். அது சிகிச்சை தரும் மருத்துவருக்காக எழுதப்படுவது. ஆனால் ரிப்போர்ட் வீட்டுக்கு வருகிறது, வீட்டில் போன் இருக்கிறது. அதனால் அந்த வரிக்கு விளக்கம் சொல்லும் கடமை எங்களுக்கும் உண்டு.

ஹெர்பிஸ் என்பது ஒற்றை வைரஸ் இல்லை, ஒரு பெரிய குடும்பம். மனிதர்களைத் தொற்றுகிறவை அதில் எட்டு என்று பொதுவாகக் கணக்கு. உதட்டோரம் கொப்புளம் தருவது ஒன்று. பிறப்புறுப்பில் புண் உண்டாக்குவது இன்னொன்று. 'தப்பான வழி' என்றவர் மனதில் வைத்துப் பேசியது அதைத்தான். மூன்றாவது, சின்னம்மையும் அக்கியும் தருவது. உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இருப்பது நான்காவது, எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக இபிவி. ஒரே குடும்பம் என்பதால் எல்லாம் ஒரே நோய் ஆகிவிடாது. இவற்றுக்குப் பொதுவான குணம் ஒன்றுதான்: உள்ளே வந்தால் வெளியே போகாது, ஆயுசு முழுக்க உடம்பில் எங்காவது ஒதுங்கிக் கிடக்கும். மாமியாருக்குச் சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சில் ஒதுங்கியிருந்து, வயதான பிறகு அக்கியாக எழும்பியது. அதற்கும் பேரனின் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை. இதை அவரை உட்கார வைத்து நீங்களே சொல்லுங்கள். 'தப்பான வழி' என்று பேசியவருக்கும் சேர்த்துக் கேட்கும்படி சொன்னால் இன்னும் நல்லது.

இபிவி பரவுவது எச்சில் வழியாக. குழந்தைக்கு முத்தம் கொடுப்பது, சோற்றை மென்று மசித்து ஊட்டுவது, ஒரே டம்ளரில் காப்பி குடிப்பது, ஒருவர் கடித்த மாங்காயை இன்னொருவர் கடிப்பது எல்லாம் அதற்குப் போதும். நம் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் நடை பழகிச் சில வருஷங்களிலேயே பெரும்பாலும் இதை வாங்கிக்கொள்கிறார்கள். அப்போது ஒரு சளிக்காய்ச்சல் வரும், பல பிள்ளைகளுக்கு அதுவும் வராது. வசதியான நாடுகளில் பலருக்கு இது பதின்வயதில்தான் வருகிறது. அந்த வயதில் வந்தால் உடம்பின் எதிர்ப்பு பலமாக இருக்கும். தொண்டை வீங்கி, நெறி கட்டி, வாரக்கணக்கில் காய்ச்சலும் அசதியுமாகப் படுக்க வைத்துவிடும். உங்கள் மகனுக்கு யார் கொடுத்தது என்று தேடப் புறப்பட்டால், அவனைத் தூக்கிக் கொஞ்சிய அத்தனை பேரையும் கூண்டில் ஏற்ற வேண்டிவரும்.

சரி, எல்லோருக்கும் இருக்கிற வைரஸ் ஒரு சிலருக்கு மட்டும் எப்படிப் புற்றுநோயாகிறது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் பேசப்படும் வீண் பேச்சுகளுக்கெல்லாம் பதில் இதில்தான் இருக்கிறது.

எச்சிலோடு உள்ளே போகும் வைரஸ் தொண்டையில், டான்சில் பக்கம் இறங்குகிறது. அங்கே அது தேடுவது பி செல்களை. ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை இவை; கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தயாரிப்பது இவற்றின் வேலை. பி செல்லின் மேல்பரப்பில் சிடி21 என்று ஒரு புரதம் உண்டு. வைரஸின் உறையில் இருக்கும் ஜிபி350 என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். அப்படியே உள்ளே நுழைந்ததும், நீளமாக இருந்த வைரஸின் டிஎன்ஏ முனையோடு முனை சேர்ந்து வளையமாகிவிடும். ஏறக்குறைய 1,72,000 எழுத்துகள் கொண்ட வளையம். பெரும்பாலும் அது நம் டிஎன்ஏவுக்குள் கலப்பதில்லை, செல்லின் உட்கருவில் தனியாக இருக்கிறது. இபிஎன்ஏ-1 என்ற புரதத்தைக் கொண்டு நம் குரோமோசோமோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது வளையமும் பிரதியெடுக்கப்பட்டு இரண்டு பக்கமும் போய்விடும். செல்லின் இயந்திரத்தை வைத்தே தன்னைப் பிரதியெடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் இது. பின்னால் மருந்து பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

முதல் சில நாட்கள் வைரஸ் அந்த பி செல்லைப் பெருகச் சொல்லி விரட்டும். அதற்காகப் பல புரதங்களைத் தயாரிக்கும். அந்தப் புரதங்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்: வெள்ளணுக்களில் இன்னொரு வகையான டி செல்கள் அடையாளம் கண்டு, தொற்றிய செல்களைக் கொன்று குவிக்கும். தப்பிப் பிழைக்க வைரஸ் தன் மரபணுக்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும். கடைசியில், நீண்ட நாள் வாழும் ஞாபக பி செல் ஒன்றுக்குள் எந்தப் புரதமும் தயாரிக்காமல் அடங்கிவிடும். அடையாளம் எதுவும் வெளியே தெரியாத செல்லை டி செல் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் 10 லட்சம் பி செல்களுக்கு 1 முதல் 50 வரையானவற்றில் இந்த வைரஸ் இப்படிக் கிடக்கிறது. எப்போதாவது தொண்டைப் பக்கம் ஒன்றிரண்டு விழித்து, புது வைரஸ்களை எச்சிலில் விடும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் கதை இவ்வளவுதான்.

உங்கள் மகனின் கழுத்தில் நடந்தது இதற்கு நடுவில் ஒரு கட்டத்தில். நெறி என்று நாம் தடவிப் பார்க்கிற நிணநீர் முடிச்சுக்குள், பி செல்கள் தங்கள் ஆன்டிபாடி மரபணுவை வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பார்க்கும் ஓர் இடம் இருக்கிறது. கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் ஆன்டிபாடி கிடைக்குமா என்று பார்க்கத்தான் அந்த வேலை. மாற்றம் நல்லபடி அமைந்த செல் வாழும். மாற்றம் கெட்டுப்போய், கிருமியைப் பிடிக்க மேல்பரப்பில் இருக்க வேண்டிய புரதமான ஏற்பியே இல்லாமல் போன செல் அங்கேயே சாக வேண்டும். உடம்பின் கண்டிப்பான விதி இது. தினமும் ஏராளமான செல்கள் இப்படிச் சாகின்றன.

ஹாட்ஜ்கின் கட்டியின் செல்களை எடுத்துப் பார்த்தால், அவை இப்படிச் செத்திருக்க வேண்டிய செல்கள் என்று தெரிகிறது. இபிவி இருக்கும் கட்டிகளில் பலவற்றில் ஏற்பி மரபணு முழுக்கவே பாழாகிக் கிடக்கும். பிறகு ஏன் சாகவில்லை? வைரஸ் அந்தக் கட்டத்தில் மூன்று புரதங்களைத் தயாரித்துக்கொண்டிருக்கும். இபிஎன்ஏ-1 பற்றிச் சொல்லிவிட்டேன். எல்எம்பி-2 என்பது இல்லாத ஏற்பி இருப்பதுபோல் செல்லை நம்ப வைக்கிறது. மூன்றாவது எல்எம்பி-1, மூன்றிலும் பொல்லாதது. டி செல் வந்து சிடி40 என்ற புரதத்தைத் தொட்டால்தான் பி செல்லுக்கு 'வாழு, பெருகு' என்ற உத்தரவு கிடைக்கும். பம்பு செட்டு மோட்டாரை ஓட்ட யாராவது போய் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும் இல்லையா? எல்எம்பி-1 அந்தப் பொத்தானை அழுத்திய நிலையிலேயே சிக்க வைத்துவிடுகிறது. யாரும் தொடாமலேயே உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். ஏற்பி இல்லாத பி செல்களை இந்த வைரஸால் சாவிலிருந்து காப்பாற்ற முடியும் என்பதை 2005இல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்குழுக்கள் ஆய்வகத்தில் செய்தே காட்டின. வைரஸ் மட்டும் போதாது. சாகாமல் தங்கிவிட்ட அந்தச் செல்லில் இன்னும் சில மரபணுக் கோளாறுகள் தற்செயலாகச் சேர வேண்டும். அப்படி எல்லாம் ஒரே செல்லில் கூடி வந்தால்தான் கட்டி.

வைரஸ் முதலிலேயே இருந்ததா, வளர்ந்த கட்டியில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா என்று கேட்கத் தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த சாட்சியம் ஒன்று இதற்கு உண்டு. வைரஸ் டிஎன்ஏவின் முனைகளில் ஒரே மாதிரியான துண்டு திரும்பத் திரும்ப வரும். வளையமாகச் சேரும்போது எத்தனை துண்டுகள் மிஞ்சுகின்றன என்பது ஒவ்வொரு தொற்றிலும் மாறும். கட்டியின் எல்லாச் செல்களிலும் அந்த எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கிறது. அதாவது, எல்லாம் வைரஸ் தொற்றிய ஒரே ஒரு செல்லின் வாரிசுகள்.

மைக்ரோஸ்கோப்பில் அந்த வாரிசுகளைப் பார்த்தால் மறக்க முடியாது. ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் என்று பெயர். பெரிய உடல், இரட்டை உட்கரு, ஒவ்வொன்றின் நடுவிலும் திரண்ட ஒரு புள்ளி. ஆந்தை விழிக்கிற மாதிரி நம்மையே பார்க்கும். வேடிக்கை என்னவென்றால், கட்டியில் இவை பெரும்பாலும் நூற்றில் ஒன்றோ கொஞ்சம் கூடவோதான். மிச்சமெல்லாம் இவை கூப்பிட்டுக் கூட்டம் சேர்த்து வைத்திருக்கிற சாதாரண வெள்ளணுக்கள். அந்தக் கூட்டத்தில் டி செல்களும் உண்டு, ஆனால் எல்எம்பி-1 தூண்டிவிடும் வேறொரு புரதம் அவற்றை வாயடைத்து வைத்திருக்கும். அதனால்தான் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று யாராவது கஷாயமோ பொடியோ கொடுத்தால் யோசிக்கச் சொல்கிறேன். எதைக் கொடுப்பதானாலும் கீமோ தரும் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு மூடுபனியின் புண்ணியத்தில். உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், அங்கே குழந்தைகளின் தாடையில் வரும் ஒருவகைக் கட்டியைப் பற்றி 1961இல் லண்டனில் பேசினார். அதைக் கேட்ட ஆன்டனி எப்ஸ்டீன், கட்டியின் துண்டுகளை விமானத்தில் வரவழைத்து வைரஸ் தேடினார். நீண்ட காலம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் லண்டனில் பனி மூடியதால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. தாமதமாக வந்த புட்டியில் நீர் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டது என்று கொட்டாமல் பார்த்தால், கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் உயிரோடு மிதந்தன. அப்படி வளர்த்த செல்களில்தான், 1964இல், எப்ஸ்டீனும் இவோன் பாரும் பெர்ட் அச்சாங்கும் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் இதைக் கண்டார்கள். மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக அறியப்பட்ட முதல் வைரஸ் இதுதான். 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை உறுதியான காரணிகளின் பட்டியலில் வைத்தது. மேலைநாடுகளில் ஹாட்ஜ்கின் நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல்தான் கட்டியில் இபிவி இருக்கிறது. நம் நாட்டுச் சிறுபிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருக்கிறது. ஆக, உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இருப்பது எங்கள் மேசையில் வழக்கமாகப் பார்க்கிற வரிதான்.

இனி மருந்து. அசைக்ளோவிர் என்ற மாத்திரை அக்கிக்கும் சின்னம்மைக்கும் நன்றாக வேலை செய்யும். அது ஏன் இதற்கு இல்லை என்றுதான் கேட்கிறீர்கள். அந்த மாத்திரை உள்ளே போனதும் தானாக வேலை செய்வதில்லை. வைரஸின் சொந்த நொதி ஒன்று அதை மருந்தாக மாற்ற வேண்டும். அப்படி மாறிய மருந்து, வைரஸ் தன் டிஎன்ஏவைத் தானே பிரதியெடுக்கும் வேலையைத் தடுக்கும். கட்டியின் செல்லுக்குள் இருக்கும் இபிவி இரண்டையும் செய்வதில்லை. நொதியைத் தயாரிக்காமல் அடங்கிக் கிடக்கிறது, பிரதியெடுக்கும் வேலையை நம் செல்லே செய்து கொடுக்கிறது. மாத்திரைக்கு அங்கே பிடிமானம் கிடையாது. அந்தச் செல்லையே அழிப்பதுதான் வழி, கீமோ செய்வது அதைத்தான். செல் அழிந்தால் உள்ளே இருக்கும் வைரஸும் அதோடு போயிற்று. மற்ற பி செல்களில் தூங்கிக்கொண்டிருப்பவை இருந்துவிட்டுப் போகட்டும், நம் எல்லோருக்கும் இருப்பதுபோல.

மகளுக்குப் பரிசோதனை வேண்டாம். இபிவி ஆன்டிபாடி பார்க்கிற ரத்தப் பரிசோதனை ஊரில் யாருக்குச் செய்தாலும் பெரும்பாலும் பாசிட்டிவ் என்றுதான் வரப்போகிறது. அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு முட்டையும் பழமும் வாங்கலாம். ஒரே குடும்பத்தில் இந்த நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான், ஆனால் அரிதான நோய் சற்றுக் கூடினாலும் அரிதானதே. நெறி ஒன்று வாரக்கணக்கில் கரையாமல் வளர்ந்தால் காட்டுங்கள், அவ்வளவு போதும். இபிவிக்குத் தடுப்பூசி இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது.

முதலில் டிபி மாத்திரை கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் கழுத்து நெறி என்றால் டிபியை நினைப்பது இயல்பு. ஆனால் திசுவை எடுத்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் மாத்திரை ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. போனது போகட்டும்; சிகிச்சை தொடங்கிவிட்டது.

இப்போது நீங்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் எல்லோரும் பையனிடமிருந்து மற்றவர்களுக்கு என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கீமோ நடக்கும் காலத்தில் ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது: மற்றவர்களிடமிருந்து அவனுக்கு. அதிலும் அதே ஹெர்பிஸ் குடும்பத்துச் சின்னம்மை அவனுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். தெருவில் யார் வீட்டிலாவது அம்மை போட்டிருந்தால், வேப்பிலை செருகியிருந்தால், அவன் அந்தப் பக்கமே போகக் கூடாது. தெரியாமல் பழகிவிட்டான் என்றால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போடுங்கள். முன்கூட்டியே தர மருந்து உண்டு. 'அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது' என்ற பழக்கத்தை இவன் விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அக்கிக் கொப்புளத்திலும் அதே வைரஸ்தான். மாமியாருக்கு மறுபடி அக்கி வந்தால் கொப்புளம் காய்ந்து பொருக்காகும்வரை பேரனிடமிருந்து தள்ளியிருக்கட்டும். அவரும் மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போனால் மாத்திரை நன்றாகக் கேட்கும். திறந்த கொப்புளத்தின் மேல் காவி மண் வேண்டாம்.

மகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடுவது பற்றி மகனின் மருத்துவரிடம் கேளுங்கள். போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தால், அவளுக்குக் கொடுக்கும் முன்பும் அவரைக் கேளுங்கள். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ் என்பதால் வீட்டில் கீமோ எடுக்கும் பிள்ளை இருக்கும்போது ஊசியாகப் போடுவதுதான் முறை. பையனுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் தொட்டாலே, ராத்திரி இரண்டு மணியானாலும், பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்க வேண்டாம். தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், ஆனால் எல்லோர் தட்டையும் அப்படியே கழுவுங்கள்.

ஹாட்ஜ்கின், குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகிறவற்றில் ஒன்று. சிகிச்சையை முழுக்க முடிக்கும் பிள்ளைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேர் பிழைத்து வளர்ந்துவிடுகிறார்கள். கெடுப்பது எது தெரியுமா? இரண்டு மூன்று முறை மருந்து ஏறியதும் கழுத்துக் கட்டி கரைந்து, பையன் ஓடி விளையாட ஆரம்பிப்பான். அந்த நேரம் பார்த்துக் குறுவை அறுப்போ சம்பா நடவோ வரும். 'இந்த ஒரு தடவை தள்ளிப் போடுவோம்' என்று தோன்றும். தள்ளாதீர்கள். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் கணவர் வயலைப் பார்க்கட்டும், நீங்களோ மாமியாரோ மன்னை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று இருக்கும் கவுன்டரில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கடைசியாக, என் துறைக்காரன் பேச்சு ஒன்று. கட்டியை எடுத்துப் பரிசோதித்த இடத்தில் உங்கள் மகனின் திசு ஒரு சின்ன மெழுகுக் கட்டிக்குள் பதித்து வைக்கப்பட்டிருக்கும். ரிப்போர்ட் தாளைவிட அது முக்கியம். சென்னையில் மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அதையும் ஸ்லைடுகளையும் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். தொலைந்தால் பையனுக்கு மறுபடி கத்தி வைக்க நேரலாம். கொண்டு போகும்போது மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வெயில் படும் பஸ் ஜன்னலோரமோ வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.